புளிக்கிடங்கில் பொம்மைச் செங்கல்

பாப்பாரப்பட்டி வட்டாரப் புளி விளைவிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் குளிர்பதனக் கிடங்கில், கதவின் ரப்பர்ப் பட்டை கிழிந்திருந்தது. அதன் வழியே உள்ளிருந்த குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்த வெயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பொன்னிறமாக அடுக்கப்பட்ட புளி, மூட்டைக்குள்ளேயே கறுத்துக்கொண்டிருந்தது. இம்மூன்றையும் ஆராய்ந்த செயலாட்சியர் ரஞ்சித்குமார், பணியாளர்களிடையே குழு உணர்வு குறைந்துவிட்டதே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லாத சங்கத்தில், அந்தக் குழுவின் அதிகாரங்கள் அனைத்தையும் ஒருவரே செலுத்துவதற்காகச் செயலாட்சியரை அமர்த்துவார்கள். குழு இல்லாத காரணத்தால் பதவிக்கு வந்த ஒருவர் குழு உணர்வைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது, பெங்களூரில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்த பிறகுதான். அங்கே பெரிய நிறுவனங்களின் அலுவலர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, குழந்தைகளின் பிளாஸ்டிக் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார். இறுதியில் அவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டதையும் கண்டார். திரும்பி வந்ததும், கதவுப் பட்டைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தொகையில் செங்கல் வாங்க ஆணையிட்டார்.

சுற்றறிக்கை வந்தது. பணியாளர் அனைவரும் சனிக்கிழமையன்று எடைமேடைக் கொட்டகையில் கூட வேண்டும். செங்கல் கட்டும் பயிற்சி நடைபெறும். ஜானகியம்மாள் ஓய்வு பெற்றதிலிருந்து காலியாக உள்ள கிடங்குக் கண்காணிப்பாளர் பதவி அப்பயிற்சியின் முடிவைக் கொண்டே நிரப்பப்படும்.

எடைமேடை எழுத்தர் நிசார் அகமது கடைசி வாக்கியத்தை இருமுறை படித்தார். அந்தப் பதவி அவருக்கு வந்திருக்க வேண்டியது. அவரும் பக்கத்து மேசைக் காளியப்பனும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். ஆனால் வயதில் நிசார் ஒரு மாதம் மூத்தவர். அந்த ஒரு மாதத்தை அவர் பணிக்காலம் முழுவதும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கண்காணிப்பாளர் அறை குளிர்கூடத்தை ஒட்டியது. சித்திரை வெயிலில் கொட்டகையின் தகரக் கூரை கொதிக்கும்போதும் அவ்வறையின் சுவரில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். ஜானகியம்மாளிடம் கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் நிசார் சுவரோரமாகவே நிற்பார்.

காளியப்பனிடம் நிசாருக்குப் பகை எதுவும் கிடையாது. பகையாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கொட்டகையின் மின்விசிறி இருபுறமும் திரும்பும்; காளியப்பன் பக்கம் போனதும் சற்றே தயங்கி நின்றுவிட்டுத்தான் திரும்புவதாக நிசாருக்குத் தோன்றும். தருமபுரிப் பேருந்தில் காளியப்பன் ஏறினால் சன்னலோரத்தில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். விவசாயிகள் காளியப்பனிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, எடைச்சீட்டுக்கு மட்டும் நிசாரிடம் வருவார்கள். இவற்றுள் எதையும் காளியப்பன் கேட்டுப் பெற்றதில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நிசார் செய்தியைச் சொன்னதும், அவருடைய மனைவி குல்ஷன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொம்ம வெச்சா பதவி குடுக்கறாங்க?"

"பொம்மை இல்ல. பயிற்சி."

"நீங்க ஒரு நாளாவது நம்ம புள்ளைங்களோட உக்காந்து வெளையாடியிருந்தா இப்ப ஒதவியிருக்கும்."

"காளியப்பன் மட்டும் வெளையாடியிருப்பானா?"

"அவரு இப்பவும் வெளையாடுவாருங்க" என்றாள் குல்ஷன். சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். நிசாருக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பயிற்சியாளரின் பெயர் குரு. தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்தார், காலில் செருப்பில்லை. கொட்டகைத் தரையில் சாக்கு விரித்து எல்லாரையும் உட்கார வைத்தார். செயலாட்சியருக்கு மட்டும் சாக்கின்மேல் ஒரு நாற்காலி போடப்பட்டது.

"இங்க இன்னைக்கு சார் கிடையாது, மேடம் கிடையாது. மேல கீழங்கறதே கிடையாது. எல்லாரும் ஒரே டீம்" என்று முழங்கிய குரு, நாற்காலியை அண்ணாந்து பார்த்து, "கரெக்டுங்களா சார்?" என்று கேட்டார்.

சார் தலையசைத்தார்.

"மூளைக்கு லீவு குடுத்துடுங்க. கைதான் யோசிக்கணும்."

"நம்ம ஆபீசுல அதுக்கு லீவு குடுத்து ரொம்ப நாளாச்சுங்க" என்று கணக்காளர் மலர்விழி முன்னால் இருந்தவரின் முதுகுக்குச் சொன்னாள்.

ஆளுக்கொரு பை செங்கல் வழங்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மனத்திலுள்ள சங்கத்தைக் கட்ட வேண்டும் என்பது முதல் பணி. நிசார் கிடங்கைக் கட்டினார். நான்கு சுவரும் நேர்கோட்டில் நின்றன. மூலைகள் பிசகவில்லை. கதவைப் பொருத்தி, பட்டை கிழிந்த இடத்தில் உள்ளபடியே ஓர் இடைவெளியும் விட்டார். கட்டிய நேரத்தில் பாதியை, காளியப்பன் என்ன கட்டுகிறார் என்று பார்ப்பதிலேயே செலவழித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குரு அவர்முன் குந்தினார். "இது என்னங்க?"

"கிடங்குங்க."

"அது தெரியுது. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

நிசார் யோசித்தார். "நான் வெளியில, எடைமேடகிட்ட இருப்பேங்க."

குரு எழுந்து நின்று எல்லாரையும் நோக்கினார். "பாத்தீங்களா? தன்னையே வெளிய நிறுத்திக்கிட்டாரு. அதோட, கட்டும்போதே ஓட்டைய வெச்சுத்தான் கட்டியிருக்காரு. இந்த வலி எவ்வளவு நாளா இருக்கு உங்களுக்கு?"

"பட்டை கிழிஞ்சு ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்றார் நிசார். செயலாட்சியர் வேறு பக்கம் பார்த்தார்.

காளியப்பனின் முன்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு குவியல் இருந்தது. அடியில் ஒற்றைச் சக்கரம் தெரிந்தது.

"எனக்கே தெரியலீங்க" என்று அவர் வெட்கத்துடன் சிரித்தார். "கைக்கு வந்தத வெச்சேன். கடைசில இந்தச் சக்கரம் மிஞ்சிப்போச்சு. வீணாக்குவானேன்னு அடியில சொருவிட்டேன்."

குருவின் கண்கள் பனித்தன. "சக்கரம்! இத்தன பேர்ல இவரோட சங்கம் மட்டுந்தான் நகருது!"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் குறிப்பெடுப்பார்கள் என்பதால் நிசாரும் தட்டினார். அவருடைய வலக்கை இடக்கையைச் சற்றுக் கடுமையாகவே அடித்தது.

அடுத்துச் செயலாட்சியர் தாம் கட்டியதை விளக்கினார். அது ஓர் உயரமான கோபுரம். உச்சியில் ஒரு சிறு பொம்மை மனிதன் நின்றான்.

"இது நான்" என்றார் ரஞ்சித்குமார். "கோபுரத்தின் உள்ளே நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவரும் தெரியமாட்டீர்கள். மேலே நிற்கும் எனக்கும் நீங்கள் தெரியவில்லை. ஆனால் விழாமல் நிற்கிறேன் என்றால், கீழே யாரோ இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? ஒருவரையொருவர் பார்க்கத் தேவையே இல்லாத இந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் குழு உணர்வு."

இதற்கு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அந்த ஓசை அடங்கியபோது, வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மாதம்மாள் காலையிலேயே சின்ன லாரியில் புளி ஏற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். காவலாளி அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள டீம் கட்டறாங்கம்மா. கட்டி முடிச்சதும் எட போடுவாங்க."

"கட்டறதச் சீக்கிரம் கட்டச் சொல்லு சாமி. வெயிலு ஏறுது, புளி கசியுது. அங்க என்னா, பெரிய ஆளுங்கல்லாம் பொம்ம வெச்சு வெளையாடறாங்களா?"

செயலாட்சியர் இந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. பயனாளியின் பார்வையும் இடம்பெற வேண்டும் என்று கூறி, அவளை உள்ளே வரவழைத்தார். குரு அவள் கையில் ஒரு சிவப்புச் செங்கல்லைக் கொடுத்து, சங்கத்திடம் அவள் எதிர்பார்ப்பதை அதைக்கொண்டு காட்டச் சொன்னார். மாதம்மாள் அதைப் புரட்டிப் பார்த்தாள். நேரே நடந்துபோய் எடைமேடையின்மேல் வைத்தாள்.

"இதாங்க மூட்ட. எட போடுங்க."

எல்லாரும் குருவைப் பார்த்தார்கள்.

"தன்னோட இருப்புக்கு ஒரு கனம் கேக்கறாங்க" என்றார் குரு மெல்லிய குரலில். மீண்டும் கை தட்டினார்கள். மாதம்மாளை மரியாதையோடு வாசல்வரை கொண்டுபோய்விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

மதியத்துக்குப் பின் இறுதிப் பணி. இதுதான் பதவியைத் தீர்மானிக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். பணியாளர்கள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒன்றுக்கு நிசார் தலைவர், மற்றதற்குக் காளியப்பன். நடுவில் ஒரு நீலத் துணியை ஆறாக விரித்தார்கள். இரு கரையிலிருந்தும் பாலம் கட்டி நடுவில் இணைக்க வேண்டும். பாலம் பொது, மதிப்பெண் தனித்தனி. நீளமான செங்கற்கள் யாவும் காளியப்பன் பையிலேயே இருந்தன. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று குரு கூறினார். தேவையானதை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது.

மற்ற அலுவலகங்களில் இந்த இடத்தில் ஊழியர்கள் திகைத்துப் போவார்கள் என்று குரு பிறகு சொன்னார். புளிச் சங்கத்தில் ஒருவரும் திகைக்கவில்லை. வாய் திறக்காமல் பேரம் பேசுவது அவர்களுக்கு அன்றாட வேலை. காளியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, கையின்மேல் போட்டுக்கொண்டு நீலத் துணியின் ஓரமாக வந்து அமர்ந்தார். நிசாரும் எதிரே போய் அமர்ந்து, துண்டுக்கடியில் கையை நீட்டினார்.

சங்கத்தின் புளி ஏலக் களத்தில் வாங்குபவரும் விற்பவரும் விலையை இப்படித்தான் பேசுவார்கள். பிடிக்கும் விரல்தான் எண். அருகில் நிற்பவருக்குத் தெரியாது. விலையை ஒளிரவிடும் மின்பலகையைச் சங்கம் பெரிய விழா எடுத்து மாட்டியிருந்தது. ஆயினும் துண்டுக்கடியில் கைகள் பேசி முடித்த பிறகே எவரும் தலை நிமிர்ந்து பலகையைப் பார்ப்பார்கள். அதுவும் மணி பார்க்கத்தான், பலகையின் மூலையில் மணியும் ஓடுவதால்.

குரு இதையெல்லாம் அறியார். "தியானம்" என்று முணுமுணுத்துக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

நிசார், காளியப்பனின் மூன்று விரல்களைப் பிடித்தார். மூன்று நீளச் செங்கல் வேண்டும் என்பது அதன் பொருள். முதலில் ஒரு விரல் திரும்பி வரும், பிறகு இரண்டுக்கு இசைவார் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் காளியப்பனின் கை, பிடியிலிருந்து விடுபட்டு மல்லாந்து விரிந்தது. விரித்த உள்ளங்கைக்குக் களத்தில் ஒரே பொருள்தான்: எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிசாரின் உடல் எச்சரிக்கையாயிற்று. பேரம் பேசாமல் உள்ளங்கையை விரிக்கும் ஆளை நம்பி, களத்தில் இதுவரை எவரும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவரின் மூட்டையில் மேலே இருக்கும் புளி பளபளக்கும். கையை அடிவரை விட்டுப் பார்த்தால் ஈரமும் கல்லும் வரும். நிசார் மறுபடியும் மூன்று விரல்களைத் தேடிப் பிடித்தார். கை மறுபடியும் விரிந்தது. அவர் நிமிர்ந்து காளியப்பனின் முகத்தைப் பார்த்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்புத்தான் விஷயத்தை முடித்தது. மின்விசிறியையும் பேருந்துச் சன்னலையும் வைத்திருப்பவர், இப்போது கொடையாளி என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நிசார் எண்ணினார். துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

தம்மிடமிருந்த குட்டைச் செங்கற்களைக்கொண்டே அவர் பாலத்தை நீட்டினார். அது ஆற்றின் கால்பகுதியைத் தாண்டவில்லை. நிசார் வாங்க மறுத்த நீளச் செங்கற்களை வேறு என்ன செய்வதென்று தெரியாமல் காளியப்பன் தம் பக்கத்தில் பொருத்த, அவருடைய பாலம் பாதியைக் கடந்து நிசாரின் கரையை நோக்கி வந்துகொண்டேயிருந்தது. நேரம் முடிந்தபோது, இரண்டுக்கும் இடையே ஒரு செங்கல் அளவு இடைவெளி எஞ்சியிருந்தது. செயலாட்சியரும் குருவும் அதன் அருகே மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை அடித்து நெடுநேரம் ஆராய்ந்தார்கள். துண்டுக்குள் என்ன நடந்தது என்று இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். காளியப்பன் நடந்ததைச் சொன்னார். நிசாரும் வேறு வழியின்றி நடந்ததையே சொன்னார்.

பதவி போயிற்று என்று நினைத்துக்கொண்டே அவர் அன்று வீடு திரும்பினார். பேருந்தில் நின்றுகொண்டு வந்தார்.

திங்கட்கிழமை, கொட்டகையில் எல்லாரையும் கூட்டிச் செயலாட்சியர் முடிவை அறிவித்தார்.

"காளியப்பன் தம்மிடமிருந்த அனைத்தையும் கேட்டவுடன் கொடுக்க முன்வந்திருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் கிடங்கின் சாவியைக் கொடுத்தால், கேட்கும் விவசாயிக்கெல்லாம் திறந்துவிடுவார். சங்கம் விவசாயிகளுக்கானது என்பது உண்மைதான். அதற்காக அவர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது. நிசார் அகமதுவைப் பாருங்கள். தேவை இருந்தது. கொடுத்தார்கள். வாங்க மறுத்துவிட்டார். கையில் இருப்பதைக்கொண்டு, வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று நின்றார். நாளை இவர் என்னிடம் வந்து ஆள் கேட்கமாட்டார், பொருள் கேட்கமாட்டார், கதவுக்குப் பட்டை வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டார். ஒரு கண்காணிப்பாளருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?"

நிசார் வென்றுவிட்டார். முதல் வேலையாகக் காளியப்பனின் முகத்தைப் பார்த்தார். அங்கே அவர் தேடியது இல்லை. காளியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வூட்டுல சொல்லிட்டீங்களா பாய்? மொதல்ல அவங்களுக்குப் போன் பண்ணுங்க."

"காளி, உனக்கு வருத்தம் இல்லியா?"

"எனக்கென்னா பாய் வருத்தம்? அன்னைக்கு நான் நெசமாத்தான் கைய விரிச்சேன். எனக்கு முட்டி வலி. அந்த ரூமுக் குளிரு நமக்கு ஆவாது. எப்படியாவது நீங்க ஜெயிச்சுடணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க என்னாடான்னா கைய உருவிக்கிட்டீங்க. எனக்கு பக்குனு ஆயிடுச்சு!"

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். காளியப்பனுக்கு வேண்டாத ஒன்றைத்தான் தாம் பெற்றிருக்கிறோம் என்பது, நிசாரின் நெஞ்சில் மெல்ல இறங்கியது.

கண்காணிப்பாளர் அறை எதிர்பார்த்தபடியே சில்லென்றிருந்தது. ஒரு வாரம் வரை அது இன்பமாக இருந்தது. பிறகு குல்ஷன் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியே கொட்டகை முழுவதும் தெரியும், ஆனால் ஒலி வராது. நிசார் காலியாக விட்டுவந்த மேசையைக் காளியப்பனின் மேசையோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்குத் தேநீர் வந்ததும் மலர்விழி, காவலாளி, சுமைதூக்குவோர் எல்லாரும் அதைச் சுற்றி நிற்பார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். காளியப்பன் கையை வீசி ஏதோ சொல்வார். மலர்விழி வாயைப் பொத்திக்கொள்வாள். காவலாளி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார்.

நிசார் கம்பளிச் சட்டைக்குள் அமர்ந்து, வியர்வையில் நனைந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தேநீர் தனியாக, தட்டு மூடி, அறைக்கே வந்துவிடும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு நாள் எழுந்து வெளியே போனார். கதவு திறக்கும் சத்தத்திலேயே அவர்கள் கோப்பைகளை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுவாரம், கண்காணிப்பாளரின் கையொப்பத்துடன் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒருசிலர் மட்டும் தமக்குள் சிரித்துக்கொள்வது, சங்கம் பெருமுயற்சியுடன் கட்டியெழுப்பியுள்ள குழு உணர்வுக்கு ஊறு விளைவிக்கும் என்று அது கூறியது. இனிப் பணி நேரத்தில் சிரிப்பு நிகழுமாயின், அதன் காரணம் குழுவின் பிற உறுப்பினர்களுக்கும், குறிப்பாகக் கண்காணிப்பாளருக்கும், அன்றே நேரில் தெரிவிக்கப்படுதல் வேண்டும். இதைப் படித்த செயலாட்சியர், பயிற்சி பலனளிக்கத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தார்.

அன்று தேநீர் வேளை முடிந்ததும், காளியப்பன் அறைக்கதவைத் தட்டினார். உள்ளே வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு மேசைக்கு எதிரே நின்றார்.

"உக்காரு காளி."

"இருக்கட்டுங்க சார். சொல்லிட்டுப் போயிடறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அரூர்லருந்து ஒரு லாரி வந்துச்சுங்க. டிரைவரு கூடவே ஒரு ஆட்டயும் ஏத்திக்கிட்டு வந்திருந்தாரு. அது எறங்கினதும் நேரா போயி, பிரிச்சு வெச்ச மூட்டையில வாய வெச்சுடுச்சுங்க. ஒரு வாய் புளி. உடனே கண்ண மூடிக்கிட்டு, மூஞ்சிய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, அப்படியே நின்னுச்சுங்க. அப்ப நாஞ் சொன்னேன், 'டேய், இதுக்கும் எவனோ டிரெய்னிங் குடுத்துட்டாண்டா'ன்னு. அதுக்குத்தாங்க சிரிச்சோம்."

நிசார் கடைசிவரை கவனமாகக் கேட்டார். ஆட்டை மனத்தில் நிறுத்திப் பார்த்தார். புளியை வைத்துப் பார்த்தார். முகத்தை ஒரு பக்கமாக இழுத்தும் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

எதிரே கம்பளிச் சட்டைக்குள் இருந்தவரைப் பார்க்கக் காளியப்பனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கதவருகே போய்த் திரும்பினார்.

"அங்க இருந்திருந்தா நீங்களும் சிரிச்சிருப்பீங்க, சார்."